வைத்தியராகாமலே வைத்தியத்தை வளர்த்தவர்: சேர் ஒஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் நம் மலையகத்தில் சில வீடுகள் இழவு வீடு போலாகிவிடுகின்றன. மருத்துவபீடத்துக்குப் புள்ளி போதாத பிள்ளை, இனி வைத்தியத்துறையில் தனக்கு இடமே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறாள். அத்தகைய தங்கைகளை நினைத்தே இவரது வரலாற்றை நம் நூற்றாண்டு மலருக்கு எழுதுகிறேன்.

ஹில் 1897 ஜூலை 8ஆம் திகதி லண்டனில் பிறந்தார். தந்தை சேர் லெனார்ட் ஹில் பெயர்பெற்ற உடற்றொழிலியல் அறிஞர். மகனும் வைத்தியம் படிக்கவே விரும்பினார். முதலாம் உலக யுத்தம் குறுக்கிட்டது. கடற்படை விமானப் பிரிவில் சேர்ந்தவரைக் காசநோய் பற்றியது. அதற்கு மருந்தே இல்லாத காலம் அது. ஏறத்தாழ இரண்டு வருடம் வைத்தியசாலையிலும், மேலும் இரண்டு வருடம் உடல் தேறுவதிலும் கழிந்தன. வைத்தியக் கனவு கலைந்தது. ஆனாலும் தபால்மூலம் படித்து 1922இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பட்டத்தைப் பெற்றார்.

தந்தையுடன் முன்பு பணியாற்றிய மேஜர் கிரீன்வூட் என்ற புள்ளிவிபரவியலாளர் கைகொடுத்தார். (மேஜர் என்பது அவருடைய பெயர், பதவியன்று.) எசெக்ஸ் கிராமத்து இளைஞர்கள், லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர் ஆகியோரின் நோய்க் கணக்குகளை ஹில் ஆராய்ந்தார். 1937இல் லான்செட் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரைகள் நூலாகி, கணக்கென்றால் ஒதுங்கும் வைத்தியர்களுக்குப் பாடநூலாயின. 1945இல் லண்டன் சுகாதார, வெப்பவலய மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானார்.

அடுத்த வருடம், அவரை வீழ்த்திய அதே நோய்க்குப் புதிய மருந்தொன்று பிரித்தானியாவில் சோதனைக்கு வந்தது. அது ஸ்ட்ரெப்டோமைசின். கிடைத்த மருந்தோ கொஞ்சம். யாருக்குக் கொடுப்பது? வைத்தியரிடம் விட்டால், பிழைக்கக்கூடியவரைத் தெரிவு செய்யலாம். மிகவும் மோசமானவருக்கு இரங்கியும் கொடுக்கலாம். எப்படியானாலும் மருந்தின் உண்மையான பலன் தெரியாது. கொழுந்து நிறுக்கும்போது தராசில் கை பட்டால் என்ன நடக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹில் அந்தக் கையை எடுத்துவிட்டார். எழுமாற்று எண்களைக் கொண்டு பிரித்து, முடிவை ஒட்டிய உறைகளில் வைத்தார். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் 4 பேர் இறந்தனர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். 1948இல் வெளியான இந்த ஆய்வே பின்வந்த மருந்துச் சோதனைகளுக்கு முன்மாதிரி.

1950இல் ரிச்சர்ட் டோலுடன் சேர்ந்து, புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பைக் காட்டினார். 1951இல் பிரித்தானிய வைத்தியர்களிடமே அவர்களது புகைப்பழக்கத்தைக் கேட்டு எழுதினார்கள். சுமார் 40,000 பேர் பதிலளித்தனர். அவர்களது மரணங்களைத் தொடர்ந்து கணக்கெடுத்து, 1954இல் அதே முடிவை உறுதிப்படுத்தினர். காரணத்தையும் தற்செயலையும் பிரித்தறிய 1965இல் ஹில் முன்வைத்த ஒன்பது நோக்குகளை மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

அவர் வகுத்த முறை நம் பக்கத்துக்கும் வந்தது. 1956இல் மதராசில் தொடங்கிய ஆய்வில், காசநோயாளிகள் எழுமாற்றாகவே இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் சனட்டோரியத்திலும், மறு குழுவினர் நெரிசலான ஏழை வீடுகளிலும் ஒரு வருடம் மருந்தெடுத்தனர். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதேயளவு குணமாயினர். அவர்களது குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவுமில்லை. 1959இல் இம்முடிவு வெளிவந்தது. லயத்துக் காம்பராவில் ஆறேழு பேராக வாழும் குடும்பத்துக்கு இதன் அருமை புரியும். கொழுந்தெடுக்கும் தாயொருத்திக்கு மருந்தெழுதி, பிள்ளைகளிடமே திருப்பியனுப்பும் துணிவை எனக்குத் தருவது இக்கணக்கே.

1961இல் சேர் பட்டம் பெற்ற ஹில், 1991 ஏப்ரல் 18ஆம் திகதி தமது 93ஆவது வயதில் காலமானார். ஒரு நோயாளிக்கும் அவர் மருந்தெழுதியதில்லை. ஆனால் நாம் எழுதும் மருந்து பலிக்குமா என்று அறியும் வழியைத் தந்தவர் அவரே. தங்கைகளே, மருத்துவபீடத்தின் கதவு மூடினாலும், கணிதமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு வைத்தியத்துறையில் வேறு வாசல்களும் உண்டு.