பார்பரா மெக்லின்டாக்

பார்பரா மெக்லின்டாக் (ஜூன் 16, 1902 - செப்டம்பர் 2, 1992) ஓர் அமெரிக்கத் தாவர மரபியல் அறிஞர் ஆவார். இடம்பெயரும் மரபுக்கூறுகளை மக்காச்சோளத்தில் கண்டறிந்தமைக்காக 1983ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைத் தனியொருவராகப் பெற்றார். பயிர்களின் மரபணுத் தூண்டு பகுதிகளைப் பிரித்தெடுக்கும் ஆய்வக முறைகளுள் ஒன்று இக்கூறுகளை அடிப்படையாகக் கொண்டது.

வாழ்க்கை

இவர் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் பிறந்தார். கல்லூரிப் படிப்பு மகளின் திருமணத்துக்குத் தடையாகும் எனத் தாயார் அஞ்சினார். தந்தையின் ஆதரவால் 1919இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1927இல் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1931இல் ஹாரியட் கிரைட்டனுடன் இணைந்து, மரபணுக்கள் மாறிச் சேரும்போது நிறப்புரித் துண்டுகளே பரிமாறப்படுகின்றன என்பதை நிறுவினார். 1936 முதல் மிசூரி பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1941இல் அங்கிருந்து விலகி, நியூயார்க் மாநிலத்தின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் ஆய்வைத் தொடர்ந்தார். 1945இல் அமெரிக்க மரபியல் கழகத்தின் முதல் பெண் தலைவரானார்.

கண்டுபிடிப்பு

சோளமணிகளில் தோன்றும் புள்ளிகளின் காரணத்தை 1944 முதல் ஆராய்ந்தார். டிஎஸ் என இவர் பெயரிட்ட கூறு நிற மரபணுவினுள் புகுந்தால் மணி நிறமிழக்கிறது. ஏசி என்னும் மற்றொரு கூறு உடனிருந்தால், சில உயிரணுக்களில் டிஎஸ் வெளியேற, அவ்விடங்களில் நிறம் மீள்கிறது. இவையே புள்ளிகளாகத் தெரிகின்றன. இக்கூறுகள் பிற மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்துகின்றன என்று 1951இல் அறிஞர் கூட்டமொன்றில் விளக்கினார். அக்கருத்தைப் பலர் ஐயத்துடன் நோக்கினர். 1953க்குப் பின் இதுபற்றி இவர் ஆய்விதழ்களில் எழுதுவது பெரிதும் குறைந்தது. ஆனால் ஆய்வை நிறுத்தவில்லை. பின்னர் பாக்டீரியாக்களிலும் இத்தகைய கூறுகள் கண்டறியப்பட்டபோது இவரது பணியின் சிறப்பு பரவலாக உணரப்பட்டது. எனினும் உயிரின வளர்ச்சியை இக்கூறுகளே நெறிப்படுத்துகின்றன என்னும் இவரது விரிவான கருத்து நிலைபெறவில்லை.

பயன்பாடு

ஒரு மரபணு எந்த உறுப்பில், எப்போது இயங்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் புரோமோட்டர் எனப்படும் தூண்டு பகுதிக்கு முதன்மைப் பங்கு உண்டு. இதனைக் கண்டறிய, சொந்தத் தூண்டு பகுதி அற்ற, நீலநிறம் தரவல்ல மரபணுவொன்றை டிஎஸ் கூறில் இணைத்துத் தாவரத்தினுள் செலுத்துவர். ஏசியின் உதவியால் அது இடம்பெயர்ந்து, இயங்கும் மரபணு ஒன்றினுள் உரிய திசையில் அமர்ந்தால், அம்மரபணு செயற்படும் திசுக்கள் சாயச் சோதனையில் நீலமாகத் தோன்றும். பின்னர் டிஎஸ் கூறை ஒட்டியுள்ள டி.என்.ஏ.வை பி.சி.ஆர். முறையில் பெருக்கி, அதன் வரிசையைக் கொண்டு தூண்டு பகுதியை அடையாளங்கண்டு பிரித்தெடுப்பர். நெற்பயிரிலும் இம்முறை கையாளப்பட்டுள்ளது. மரபணுக் கட்டுப்பாட்டைத் தேடிய மெக்லின்டாக்கின் கண்டுபிடிப்பு, இவ்வாறு அக்கட்டுப்பாட்டை ஆராயும் கருவியாயிற்று.