'எம்டன்' என்பது யார்? சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மன் கேப்டனின் கதை!

கில்லாடியான ஆளைப் பார்த்தால் 'சரியான எம்டன்'னு நம்ம ஊர்ல சொல்வாங்க. உண்மையில் எம்டன் ஆள் இல்லை, ஜெர்மன் போர்க்கப்பல். அதன் கேப்டன்தான் கார்ல் ஃபான் முல்லர்.

1873-ல் ஹனோவரில் பிறந்த முல்லர், 1913-ல் எம்டனின் கேப்டன் ஆனார். கப்பலில் 10.5 செ.மீ. பீரங்கிகள் 10 இருந்தன. அளவில் சின்னதுதான், ஆனால் படபடவென சுடும்.

1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகம் அருகே வந்த எம்டன் சுமார் 130 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் டேங்குகள் பற்றி எரிந்தன. உயிர்கள் பலியாகின. பயத்தில் ஏராளமானோர் ஊரைவிட்டே கிளம்பினர்.

இத்தனைக்கும் முல்லர் இரக்கம் உள்ளவர் என பெயர் எடுத்தவர். சரக்குக் கப்பல்களைப் பிடித்தால், ஆட்களை பத்திரமாக இறக்கிய பிறகே மூழ்கடிப்பார்.

நவம்பர் 9-ல் கோகோஸ் தீவு அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனை மடக்கியது. முதலில் குறி தவறாமல் அடித்தது எம்டன்தான். ஆனால் சிட்னியின் 6 அங்குல பீரங்கிகள் இன்னும் தூரம் பாயும், குண்டும் கனமானது. எம்டன் சிதைந்தது. மிச்சம் இருந்தவர்களைக் காப்பாற்ற முல்லர் கப்பலை பவளப்பாறையில் ஏற்றினார். 130-க்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தனர்.

போர்க்கைதியான முல்லர் 1917-ல் இங்கிலாந்து முகாமில் இருந்து தப்பி, மீண்டும் பிடிபட்டார். போருக்குப் பின், இறந்த தோழர்களின் ரத்தத்தில் காசு பார்க்க மனமில்லை என்று புத்தகம் எழுத மறுத்துவிட்டார். 1923-ல், 49 வயதில் காலமானார்.

குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு, சென்னை உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் இருக்கிறது.