இரு நரம்புகளையும் கற்ற துறவி

சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே, கிழக்கே கடலும் மேற்கே வயல்வெளியுமாகக் கிடக்கும் ஊர் காரைதீவு. இரு புறமும் முஸ்லிம் ஊர்கள். ஒரே மண், ஒரே தமிழ். அவ்வூரில் 1892ஆம் ஆண்டு சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாகப் பிறந்த மயில்வாகனனாரே பின்னாளில் சுவாமி விபுலாநந்தராக உலகறிந்தார். முத்தமிழ் வித்தகர் என்று அவரைப் போற்றுகிறோம். ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம். அவர் விஞ்ஞான ஆசிரியராகவும் விளங்கியவர் என்பதை மட்டும் நமது விழா மேடைகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

கல்முனையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்ற அவர், கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916ஆம் ஆண்டு ஒருபுறம் விஞ்ஞானத்தில் டிப்ளோமா; மறுபுறம் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்று, 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

மானிப்பாய் என்ற பெயர் இங்கு தற்செயலாக வரவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தம் மாணவருக்கு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த ஊர் அது. உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டு, மூளையையும் நரம்பையும் தமிழால் விளக்க முடியும் என்று அவர் காட்டிச் சென்றார். அவருக்குப்பின் அந்த முயற்சி தேய்ந்தது. மருத்துவக் கல்வி முழுவதும் ஆங்கிலத்தின் கைக்குப் போயிற்று.

1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்த மயில்வாகனனார் 1924இல் துறவு பூண்டார். ஆயினும் ஆய்வுகூடத்தை அவர் துறக்கவில்லை. தாயகம் திரும்பிப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். 1936இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கூட்டிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கும் பொறுப்பும் அவரை நாடி வந்தது. அதன் விளைவாக 1938இல் வெளிவந்த ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுப்பில் கணிதம், பௌதிகம், இரசாயனம் ஆகியவற்றோடு உடல்நூலும் நலவழியும் இடம்பெற்றன. ஏறத்தாழ பத்தாயிரம் சொற்கள். தமிழில் விஞ்ஞானம் முடியாது என்று படித்தவர்களே கூறிவந்த காலத்தில், மேடையில் வாதாடுவதைவிடச் சொற்பட்டியலைத் தயாரிப்பது மேல் என்று அவர் கருதியிருக்க வேண்டும். அம்மட்டில் அவர் உண்மையான விஞ்ஞான ஆசிரியர்.

1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அடிகளாரோடு நெருங்கிப் பழகினார். அவ்வாண்டே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்த அவர், 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தோற்றுவித்தார். காவியுடுத்த துறவியும் முஸ்லிம் நிருவாகியும் கல்வியைப் பற்றியே உரையாடிய காலம் இக்கரையில் இருந்தது. 1990இன் குருதிக்குப்பின் வளர்ந்த தலைமுறையினர் பலருக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம்.

இனி நரம்பு என்ற சொல்லுக்கு வருவோம். உடலில் ஓடுவதும் நரம்பு. யாழில் கட்டுவதும் நரம்பு. பண்டைத் தமிழிசையில் ஏழு சுரங்களையுமே நரம்பு என்றனர். கிரேக்கத்தில் நியூரோன் என்ற சொல்லுக்குத் தசைநார், வில்லின் நாண் என்பனவே பழைய பொருள். அதிலிருந்து பிறந்த சொல்லே இன்று உலக மருத்துவத்தில் நரம்புக் கலத்தைக் குறிக்கிறது. 980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு சீனா தமது மருத்துவப் பெருநூலில் முண்ணாணிலிருந்து இணையிணையாகப் புறப்படும் நரம்புகளை எண்ணி விளக்கினார். வேறொரு பெருநூலில் இசையையும் கணிதத்தின் கிளையாக ஆராய்ந்தார். விபுலாநந்தரும் அந்த மரபினரே என்றால் மிகையாகாது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பிடித்துக்கொண்டு, வழக்கொழிந்த யாழ்களின் அமைப்பையும் சுருதிகளின் கணக்கையும் அடிகளார் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். மட்டக்களப்பு வாவியில் நிலவொளி இரவுகளில் கேட்கும் மீனிசையைப் பொருளாகக் கொண்டு ‘நீரரமகளிர்’ என்ற பாடலையும் இயற்றினார். கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்திச் சவளை நீருள் இறக்கி அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்பவரின் உடலில் நடப்பது என்ன? அதிர்வு செவிப்பறையைத் தொடுகிறது. மூன்று சிற்றென்புகள் அதனை உள்ளே கடத்துகின்றன. நத்தைச்சுருளின் நீர்மம் அசைகிறது. அங்குள்ள மயிர்க்கலங்கள் அந்த அசைவை மின்கணத்தாக்கமாக மாற்றுகின்றன. நத்தைச்சுருளின் அடி உயர்ந்த சுருதிக்கும் நுனி தாழ்ந்த சுருதிக்கும் இசைகின்றன. அங்கிருந்து செவி ஒன்றுக்கு ஏறத்தாழ 30,000 நரம்பு நார்கள் சுருதி வரிசை குலையாமல் மூளையை நோக்கிச் செல்கின்றன. ஆயிரம் நரம்புடைய பேரியாழைப் பற்றி இலக்கிய உரைகள் பேசுகின்றன. நம் ஒவ்வொரு காதிலும் அதனைவிடப் பெரிய யாழ் இருக்கிறது. 1850இல் நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை முதன்முதலாக அளந்த ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்சே, 1863இல் இசைச் சுருதியைப் பற்றியும் பெருநூல் எழுதியவர்.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர் பதவியை ஏற்ற அடிகளாரின் உடல்நலம் விரைவிலேயே குன்றியது. 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் ‘யாழ்நூல்’ அரங்கேறியது. நோயோடு சென்று அதனைக் கண்டு திரும்பியவர், ஜூலை 19ஆம் திகதி கொழும்பில் காலமானார். அப்போது வயது 55. அவருடல் கல்லடி உப்போடையில், அவர் கட்டிய பாடசாலையின் அருகே அடக்கம் செய்யப்பட்டது.

அவர் விட்டுச்சென்ற பணியின் இன்றைய நிலை என்ன? காரைதீவுப் பிள்ளையும் சாய்ந்தமருதுப் பிள்ளையும் ஒரே பாடநூலில் மூளையம், மூளி, முண்ணாண் என்று படிக்கின்றனர். தமிழ்நாட்டுப் பிள்ளை அவற்றையே பெருமூளை, சிறுமூளை, தண்டுவடம் என்று படிக்கிறது. கடல் கடந்து ஒரே சொற்பட்டியலுக்குத் தலைமை தாங்கிய மனிதரின் ஊரில், அக்கரையிலிருந்து வரும் உடலியல் நூலை மாணவன் அகராதியோடு படிக்க வேண்டியுள்ளது. பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்கப் புகும்போது இரண்டும் போய் ஆங்கிலம் மட்டுமே எஞ்சுகிறது.

அடிகளாரின் சமாதியிலிருந்து பாலத்தைக் கடந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை தூரமில்லை. காத்தான்குடியிலிருந்தும் ஆரையம்பதியிலிருந்தும் பாரிசவாதத்தால் ஒரு கை விழுந்த முதியவர்களை அங்கே கொண்டுவருகிறார்கள். நோய் மூளையின் இடப்பக்கத்தில் இருக்க, வலக்கை ஏன் அசையவில்லை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மூளையிலிருந்து இறங்கும் நரம்பு நார்களில் பெரும்பாலானவை முண்ணாணை அடையுமுன் பக்கம் மாறிச் செல்கின்றன என்ற விடையை, ஆங்கிலத்தில் கற்ற இளம் வைத்தியர் அவர்களுக்குத் தமிழில்தான் சொல்ல வேண்டும்.