கொடுத்தவர்களை மறவாத தமிழ்த் தாத்தா

தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றும் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களின் பெயரை அறியாத தமிழ்க் குடும்பம் நமது ஆண்டாப் ஹில் காலனியில் இராது. மறைந்து கிடந்த பழந்தமிழ் நூல்களைத் தேடியெடுத்து அச்சேற்றியவர் அவர் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஆனால், ஏடு தேடிச் சென்ற வழியெல்லாம் அவர் பிறருடைய வாழ்க்கையையும் கற்றார் என்பதையும், ஈகை என்னும் குணம் எத்தனை விதமான மனிதரிடம் குடியிருக்கிறது என்பதைக் கண்டுகொண்டார் என்பதையும் நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஆண்டு விழா மலரின் இச்சில பக்கங்களில் அப்பெருமகனாரின் வாழ்வை அந்த நோக்கில் சொல்ல முற்படுகிறோம்.

ஐயரவர்கள் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தார். அவருடைய சொந்த ஊர் சோழ நாட்டில் பாபநாசத்துக்கு அருகிலுள்ள உத்தமதானபுரம். தஞ்சை மன்னர் ஒருவர் அந்தணர்களுக்குத் தானமாக அமைத்துக் கொடுத்தமையால் அப்பெயர் வந்தது என்பது அவ்வூரில் வழங்கி வந்த வரலாறு. பெயரிலேயே கொடையைத் தாங்கிய ஊரைச் சேர்ந்தவர், பிறர் கொடையைக் கொண்டே கல்வி கற்றார்.

தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். ஊர் ஊராகச் சென்று இராமாயணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர். நிலையான வருவாய் இல்லை. மகன் சங்கீதத்தில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனுடைய மனமோ தமிழிலே படிந்தது. அதனை உணர்ந்த தந்தையார், தமிழ் சொல்லிக் கொடுப்பவர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்து, அங்கங்கே குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஆசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராக வாய்த்தனர். ஒரு பிள்ளை தமிழ் படிக்க வந்திருக்கிறான் என்பதற்காகவே இருக்க இடமும் உண்ண அரிசியும் ஊரார் உதவினர். அவர்களில் பலர் பெருஞ்செல்வர் அல்லர். நிலத்தை நம்பி வாழ்ந்த குடியானவர். உள்ளவன் தருவது மட்டும் கொடையன்று, தன் பங்கிலிருந்து ஒரு படி எடுத்து அளப்பதும் கொடையே என்னும் பாடத்தை, இலக்கணம் படிக்கும் முன்பே அச்சிறுவர் கற்றுக்கொண்டார்.

விருத்தாசல ரெட்டியார் தமக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கொடுத்தபின், இனி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம் போய்ச் சேருவதே தக்கது என்று வழிகாட்டினார். நல்ல மாணாக்கன் ஒருவனைத் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்பாத ஆசிரியர் அரியர். தம்மினும் பெரியவரிடம் அவனை அனுப்பி வைத்த அந்த ரெட்டியாரின் செயலையும் நாம் கொடையென்றே கொள்ளுகிறோம்.

1871ஆம் ஆண்டு, பதினேழாம் பிராயத்தில், மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் ஐயர் மாணாக்கராகச் சேர்ந்தார். பிள்ளையவர்கள் ஊர்களின் மீது தலபுராணங்கள் பாடிப் பொருள் பெறுவார். பெற்ற பொருளெல்லாம் மாணாக்கர்களைப் போஷிப்பதில் கரைந்துவிடும். கடன் இல்லாத நாள் அவருக்கு அரிது. ஒரு நாள் எண்ணெய் ஸ்நானத்துக்காக அவர் பலகையில் வந்து அமர்ந்தார். வீட்டில் எண்ணெய் இல்லை. அதைத் தெரிந்துகொண்ட ஐயர், தம் கையிலிருந்த காசைக் கொண்டு கடைக்கு ஓடிப்போய் எண்ணெய் வாங்கிவந்து ஆசிரியர் அறியாதபடி சேர்ப்பித்தார். ஒரு நாட்டுக்கே கவிச்சுவையை வழங்கிய மனிதரின் வீட்டில் எண்ணெய் இல்லை என்பதைக் கண்ட அந்தக் கணம் ஐயரவர்களின் உள்ளத்தை விட்டு அகலவே இல்லை. முதுமையில் தம் வரலாற்றை எழுதியபோதும் அதனை மறவாமல் எழுதினார்.

பிள்ளையவர்களிடம் சாதி சமய வேற்றுமையின்றிப் பலரும் பாடம் கேட்டனர். நாகூர்க் குலாம் காதிறு நாவலர் இஸ்லாமியர். சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர். 1876 பிப்ரவரி 1ஆம் நாள் ஆசிரியரின் உயிர் பிரியுந் தறுவாயில், அவரைத் தம் மார்பிலே சாய்த்துத் தாங்கியிருந்தவர் சவேரிநாத பிள்ளை. அருகில் அமர்ந்து திருவாசகம் வாசித்தவர் சாமிநாதையர். கிறிஸ்தவ மாணாக்கர் தாங்க, அந்தண மாணாக்கர் ஓத, வேளாளப் பெரும்புலவர் கண்ணை மூடினார். இதனினும் உயர்ந்த சமரசப் பாடத்தை எந்தப் பள்ளிக்கூடம் கற்பிக்கும்?

அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் ஐயர் இருந்தார். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற நேர்ந்தபோது, தம் இடத்துக்கு ஐயரே தக்கவர் என்று அவரே முயன்று அவ்வேலையை வாங்கிக் கொடுத்தார். பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஐயரவர்கள் வாழ்ந்த வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டது இந்த நன்றியின் அடையாளமே. வீட்டுக்குத் தம் பெயரையோ மக்கள் பெயரையோ இடுவது உலக வழக்கம். வேலை வாங்கித் தந்தவர் பெயரை வாசலில் எழுதியவர் எத்தனை பேர்?

அதே 1880ஆம் ஆண்டு அக்டோபரில், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்க ஐயர் சென்றார். தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாகச் சொன்னார். முதலியார் வியப்படையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். பெரும்புலவரிடம் கற்றவர் என்ற பெருமிதத்தோடு சென்றவர், தாம் கல்லாதது எவ்வளவு என்று உணர்ந்து திரும்பினார். முதலியார் கேள்வியோடு நில்லாமல், தம்மிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியையும் கொடுத்து உதவினார். அந்த ஒரு பிரதியிலிருந்தே பின்னர் நிகழ்ந்த பெரும்பணி அனைத்தும் தோன்றியது.

சிந்தாமணியோ சைன நூல். அதன் சமயக் கருத்துக்கள் சைவக் கல்வியில் வளர்ந்த ஐயருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்திலேயே சைனக் குடும்பங்கள் இருக்கின்றன என்று கேள்வியுற்று, சந்திரநாத செட்டியார் என்பவரின் வீட்டை நாடிச் சென்றார். அன்று அவ்வீட்டு வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. விசேஷம் என்னவென்று விசாரித்தபோது, சிந்தாமணியைப் படித்து முடித்த நிறைவு விழா என்று தெரிய வந்தது. தமக்குப் பொருள் விளங்காமல் இருந்த நூல், தாம் வாழும் ஊரில், சில தெருக்களுக்கு அப்பால், பூஜிக்கப்பட்டு வருகிறது! ஐயர் அவ்வீட்டாரிடம் மாணாக்கர்போல் அமர்ந்து ஐயங்களைக் கேட்டார். அவர்களும் அயலார் என்று ஒதுக்காமல் சொல்லிக் கொடுத்தனர். நெடுந்தூரம் போய்த்தான் பிறர் வாழ்க்கையை அறிய வேண்டும் என்பதில்லை. பக்கத்துத் தெருவுக்குப் போவதும் ஒரு யாத்திரையே. சிந்தாமணி 1887இல் வெளிவந்தது. பிறகு மணிமேகலையை ஆராய்ந்தபோது, மளூர் ரங்காசாரியர் துணைகொண்டு பௌத்த சமயத்தையும் அவ்வாறே கற்று, 1898இல் அந்நூலை வெளியிட்டார்.

ஏடு தேடி அவர் செய்த பிரயாணங்களைச் சொல்லி முடியாது. ரயிலிலும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் பாண்டி நாட்டுக் கிராமங்களையெல்லாம் சுற்றினார். காலேஜ் விடுமுறை நாட்களே அவருக்குப் பிரயாண நாட்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாக அறிந்து துடித்தார். ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடுவதும் உண்டென்று கேட்டு வருந்தினார். ஆனால் பொல்லாங்கு நினைத்து அவற்றை அழித்தவர் எவரும் இல்லை. இன்னதென்று அறியாமல், புண்ணியம் என்று எண்ணியே செய்தனர். மற்றொரு புறம், படித்துப் பொருள் காண இயலாவிட்டாலும், முன்னோர் வைத்துச் சென்ற செல்வம் என்று ஏடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த கவிராயர் குடும்பங்களையும் அவர் கண்டார்.

ஆழ்வார்திருநகரியில் நிகழ்ந்தது அவர் வாழ்வில் மறக்கவொண்ணாதது. பத்துப்பாட்டு ஏடு தேடிக் கவிராயர்களின் வீடுகளில் நாள் முழுதும் புரட்டியும் அகப்படவில்லை. மனம் சோர்ந்திருந்த இரவில், உற்சவத் திருவீதி உலா நடந்துகொண்டிருக்கையில், லட்சுமண கவிராயர் தம் உறவினர் வீட்டிலிருந்து வாங்கிய ஓர் ஏட்டுக் கட்டைக் கொண்டுவந்து ஐயர் கையில் கொடுத்தார். நிலா வெளிச்சத்திலே பிரித்துப் பார்த்தார் ஐயர்; பத்துப்பாட்டின் பகுதி அது. கொடுத்தவர் விலை கேட்கவில்லை. தேடி வந்த ஒரு மனிதரின் வாட்டத்தைப் பொறாத இரக்கமே அவரை அந்த இரவில் வீடு தேடிப் போகச் செய்தது. பத்துப்பாட்டு 1889இல் வெளியாயிற்று. சிலப்பதிகாரம் 1892இலும் புறநானூறு 1894இலும் தொடர்ந்தன.

இங்கே ஒரு செய்தியை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தாம் பதிப்பித்த நூல்களின் முகவுரைகளில், ஏடு தந்தவர் யார், எவ்வூரினர், யார் வாயிலாகக் கிடைத்தது என்பதையெல்லாம் ஐயரவர்கள் எழுதி வைத்தார். ஜமீன்தார்களும் மடாதிபதிகளும் இடம்பெற்ற அப்பக்கங்களிலேயே, ஒரே ஒரு கட்டு ஏடு வைத்திருந்த ஏழைப் புலவர்களும் இடம்பெற்றனர். அவர் அவ்வாறு எழுதியிராவிட்டால் அவர்களுடைய பெயர்கள் மண்ணோடு மண்ணாகியிருக்கும். பெற்றதைத் திருப்பிக் கொடுக்கப் பொருள் வேண்டும். கொடுத்தவரை நினைவில் நிறுத்த மனம் போதும். ஆசிரியருக்குச் செலுத்திய நன்றியாகவே பிள்ளையவர்களின் சரித்திரத்தையும் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக எழுதி வெளியிட்டார்.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்று, 1919இல் ஓய்வு பெற்றார். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் டாக்டர் பட்டமும் வந்தன. உலக யுத்த அச்சத்தால் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்தில் தங்கியிருந்தபோது, 1942 ஏப்ரல் 28இல் இயற்கை எய்தினார். அவர் சேர்த்த ஏடுகள் வீணாகாதபடி, மறு ஆண்டிலேயே அவர் பெயரால் சென்னையில் நூல்நிலையம் அமைந்தது.

இனி நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் ரயில்வே குமாஸ்தா. பார்சல் ஆபீசில் அனுப்புபவர் பெயரும் பெறுபவர் பெயரும் இல்லாத மூட்டையை நாம் ஏற்பதில்லை. ஆனால் சொந்த வாழ்க்கையில் பெயர் எழுதாத மூட்டைகள் எத்தனையோ பெற்றிருக்கிறோம். இந்நகருக்கு முதன்முதல் வந்து தாதரில் இறங்கியபோது நம் கையில் ஒரு விலாசமும் தகரப் பெட்டியும் மட்டுமே இருந்தன. அறுவர் படுத்திருந்த அறையில் ஏழாவதாகப் பாய் விரிக்க இடம் தந்தனர். பக்கத்து வீட்டு மராத்திய அம்மையார் ஒருவர், மொழி தெரியாமல் விழித்த நமக்கு வேலை மனுவை நிரப்பிக் கொடுத்தார். காய்ச்சலில் கிடந்தபோது பத்து நாள் கஞ்சி அனுப்பினார். மாவ்ஷி என்று அழைத்தோமேயன்றி அவருடைய பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. வேலை நிலைத்து, இனிப்புப் பெட்டியோடு பல மாதங்கள் கழித்து அங்கே சென்றபோது, அக்குடும்பம் வீடு மாறிவிட்டிருந்தது. பெயர் சொல்லித் தேட வழியின்றி, கொண்டுபோன பெட்டியோடு திரும்பினோம். அந்த நாணம் இன்னும் தீரவில்லை. ஐயரவர்களின் முகவுரைகளைப் படிக்குந்தோறும் அது நம்மை உறுத்துகிறது.

இம்மலரின் கடைசிப் பக்கங்களில் நன்கொடை அளித்தோர் பட்டியல் அச்சாகியிருக்கும். அது முறையே. அதனோடு, நமது சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வைப்போமாக. இந்நகரில் முதலில் இடம் கொடுத்தவர், மொழி சொல்லித் தந்தவர், நோயில் உதவியவர் பெயர்களைக் குடும்பத்துக்கு ஒருவராக அதில் எழுதுவோமாக. தமிழர் மட்டுமல்லர், மராத்தியரும் இஸ்லாமியரும் குஜராத்தியரும் அதில் இடம்பெறட்டும். பெயர் தெரியாதவர்களின் வீட்டுக் கதவை நம் பிள்ளைகள் தட்டட்டும். அவர்கள் யார், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், எவ்வாறு வாழ்கிறார்கள் என்று அமர்ந்து கேட்டு வரட்டும். சிந்தாமணிக்குப் பொருள் தேடிச் சென்ற ஐயரவர்கள் கண்ட மாவிலைத் தோரணம் நம் அடுத்த மாடியிலும் கட்டியிருக்கக்கூடும்.

முதல் வரியில் நாம் எழுத வேண்டிய பெயர் நமக்குத் தெரியவில்லை. மாவ்ஷி என்று மட்டுமாவது எழுதி வைப்போம்.