இரவில் ஏற்றிய விளக்கு

ஹிஜ்ரி 194ஆம் ஆண்டு (கி.பி. 810) ஷவ்வால் மாதத்தில் புகாரா நகரில் பிறந்தவர் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள். இயற்பெயர் முஹம்மத். தந்தை இஸ்மாயீல் சிறு வயதிலேயே வபாத்தாகிவிட, தாயாரே வளர்த்தார். பிள்ளையின் பார்வை போனபோது அத்தாய் அழுது துஆக் கேட்டதாகவும், அல்லாஹ் பார்வையைத் திருப்பிக் கொடுத்ததாகவும் வரலாற்றில் காண்கிறோம்.

பதினாறு வயதளவில் தாயாருடனும் சகோதரருடனும் ஹஜ்ஜுக்குச் சென்றார். அவர்கள் ஊர் திரும்ப, இவர் கல்விக்காக மக்காவில் தங்கிவிட்டார். அன்று தனியே விட்டுச் செல்ல அந்தத் தாய்க்கு எவ்வளவு மனவுறுதி இருந்திருக்க வேண்டும்! 18 வயதில் மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் கப்ருக்கு அருகே, நிலா வெளிச்சத்தில் அமர்ந்து 'அத்தாரீகுல் கபீர்' நூலை எழுதினார்.

ஸஹீஹான ஹதீஸ்களை மட்டும் ஒரு நூலாக யாராவது தொகுத்தால் நல்லது என்று அவருடைய ஆசிரியர் இஸ்ஹாக் இப்னு ராஹவைஹி ஒருநாள் சபையில் சொன்னார். பலரும் கேட்டனர், புகாரியின் உள்ளத்தில் மட்டும் அது தங்கியது. சுமார் 6 இலட்சம் அறிவிப்புகளிலிருந்து தெரிவுசெய்து 'ஸஹீஹுல் புகாரி'யை முடிக்க 16 ஆண்டுகள் சென்றன. மீள வருபவற்றையும் சேர்த்து அதில் ஏறத்தாழ 7,275 ஹதீஸ்கள் உள்ளன. கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோதான்! ஆனால் ஒவ்வொன்றையும் எழுதுமுன் குளித்து, இரண்டு ரக்அத் தொழுதார்.

இரவிலும் இந்த வழக்கம் ஓயவில்லை. ஏதாவது நினைவுக்கு வந்தால் எழுந்து விளக்கேற்றி, குறித்துவிட்டு மீண்டும் படுப்பார். ஒரே இரவில் 18 தடவை இப்படி எழுந்ததை அவருடைய மாணவர் பிரப்ரீ எண்ணியிருக்கிறார். அருகில் உறங்கிய எழுத்தரையும் அவர் எழுப்புவதில்லை. இளைஞனின் தூக்கத்தைக் கெடுக்க அவருக்கு மனமில்லை.

ஹிஜ்ரி 256இல் (கி.பி. 870), நோன்புப் பெருநாள் இரவில், ஸமர்கந்துக்கு அருகிலுள்ள கர்தன்க் கிராமத்தில் அவர் வபாத்தானார்.

இக்கட்டுரையை எழுத எனக்கு ஒரு மாதம் தரப்பட்டது. பரீட்சை முடியட்டும், மனம் அமைதியாகட்டும் என்று மூன்று வாரங்களைக் கடத்தினேன். இமாமின் வாழ்வை வாசித்த பிறகுதான் ஸுபஹுக்குப் பின் தினமும் ஐந்து வரி என்று எழுதத் தொடங்கினேன். ஏழாம் நாள் கட்டுரை முடிந்திருந்தது. சகோதரிகளே, பெரிய நூலும் அன்றன்று எழுதிய சில வரிகளால்தான் நிறைகிறது.