ஃபாஸ்டேக் முதல் முட்டை கன்டெய்னர் சென்சார் வரை: யார் இந்த ஜெகதீஷ் சந்திர போஸ்?

நாமக்கல் லாரி சுங்கச்சாவடிக்குள் நுழைந்ததுமே ஃபாஸ்டேக்கில் காசு கழிந்துவிடுகிறது. ஏற்றுமதி முட்டை போகும் குளிர்சாதன கன்டெய்னரில் சூடு ஏறினால், உள்ளே இருக்கும் சென்சார் ஓனரின் செல்போனுக்கே தகவல் அனுப்பிவிடும். இரண்டும் ரேடியோ அலை பார்க்கும் வேலைதான். அந்த அலையை வசப்படுத்திய முன்னோடிகளில் ஒருவர் நம்ம நாட்டுக்காரர்!

1858-ல் வங்காளத்தில் பிறந்த போஸ், 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஆனார். வெள்ளைக்காரர்களைவிடக் குறைவான சம்பளம் என்றதும், 3 வருஷம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது.

1890-களில் கல்கத்தா டவுன் ஹாலில் பொதுமக்கள் முன் ஒரு சோதனை. அவர் அனுப்பிய அலை சுவரைத் தாண்டிப் போய் மணி அடித்தது, வெடிமருந்தையும் வெடிக்க வைத்தது. வயரே கிடையாது!

பிறகு கலீனா என்ற ஈயத்தாதுப் படிகத்தை வைத்து, அலையைக் கண்டறியும் கருவி செய்தார். அறிவை விற்கக் கூடாது என்பது அவர் கொள்கை. நண்பர்கள் வற்புறுத்தியதால்தான் விண்ணப்பமே போனது. 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. செமிகண்டக்டர் கருவிக்கான உலகின் முதல் காப்புரிமையாக இது கருதப்படுகிறது. அதை வைத்து அவர் காசு பார்க்கவில்லை. கம்பியில்லாத் தந்திக்கான நோபல் பரிசு 1909-ல் மார்க்கோனிக்கும் பிரவுனுக்கும் போனது.

போஸ் செடிகள் பக்கம் திரும்பினார். கண்ணுக்கே தெரியாத வளர்ச்சியைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியை உருவாக்கினார். சின்ன மாற்றத்தையும் உணர வேண்டும், அதை வயர் இல்லாமல் சொல்ல வேண்டும். இன்றைய கன்டெய்னர் சென்சாரின் இந்த இரண்டு வேலைகளிலும் அன்றே கை வைத்தவர் அவர்.

1937-ல் மறைந்தார். 1917-ல் அவர் தொடங்கிய போஸ் ஆய்வு நிறுவனம் கொல்கத்தாவில் இன்றும் இயங்குகிறது.