பிரபுல்ல சந்திர ராய்

பிரபுல்ல சந்திர ராய் (ஆகஸ்ட் 2, 1861 - ஜூன் 16, 1944) வங்காளத்தைச் சேர்ந்த வேதியியலாளர், பேராசிரியர், தொழில் முனைவோர் ஆவார். இந்தியாவில் நவீன வேதியியல் ஆய்வுக்கும் வேதித் தொழிலுக்கும் அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர். இவரது பணிகள் பலவும் அமிலம், காரம், உப்பு ஆகியவற்றைச் சார்ந்தே அமைந்தன.

இளமையும் கல்வியும்

அன்றைய ஜெசூர் மாவட்டத்தின் ராருலி சிற்றூரில் பிறந்தார். இவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று 1882-ல் எடின்பரோ சென்று, 1887-ல் முனைவர் பட்டம் பெற்றார். 1889-ல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

வங்காள வேதித் தொழிற்சாலை

அக்காலத்தில் மருந்துகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியாயின. படித்த இளைஞர்கள் அரசு வேலையையே நாடினர். இவ்விரண்டையும் மாற்ற விரும்பிய ராய், 1892-ல் சுமார் 700 ரூபாய் முதலீட்டில் தம் வாடகை வீட்டிலேயே மருந்து தயாரிப்பைத் தொடங்கினார்.

முதல் முயற்சிகளுள் ஒன்று சோடியம் பாஸ்பேட் ஆகும். மாட்டெலும்பை எரித்துக் கிடைக்கும் சாம்பலின் பெரும்பகுதி, நீரில் கரையாத கால்சியம் பாஸ்பேட் ஆகும். அதனுடன் கந்தக அமிலம் சேர்க்கும்போது கரையக்கூடிய பாஸ்பேட் உண்டாகிறது, ஜிப்சம் படிகிறது. கரைசலைச் சோடியம் கார்பனேட்டு என்னும் காரத்தால் நடுநிலையாக்கினால் சோடியம் பாஸ்பேட் கிடைக்கும். பச்சை எலும்புகளைப் பற்றி அண்டை வீட்டார் முறையிட்டதால், அவற்றை ஊருக்கு வெளியே கொண்டுசென்று எரிக்க நேர்ந்தது.

உடன் உழைத்த இருவரை ராய் விரைவில் இழந்தார். சத்தீசு சந்திர சிங்கா ஆய்வுக்கூடத்தில் ஐதரோசயனிக் அமில நச்சினால் இறந்தார். மருத்துவர் அமுல்ய சரண் போஸ் 1898-ல் பிளேக் நோயால் மறைந்தார். எனினும் ராய் பணியைக் கைவிடவில்லை. 1901-ல் இது பங்கு நிறுவனமாயிற்று. பின்னர் மாணிக்தலா ஆலையில், ஈய அறை முறையில் கந்தக அமிலம் தயாரிக்கப்பட்டது. பிற அமிலங்களும் பல உப்புகளும் செய்ய இவ்வமிலம் தேவை என்பதால், இறக்குமதியைச் சாராத தொழிலுக்கு இது இன்றியமையாததாக இருந்தது. நிறுவனம் 1980-ல் நாட்டுடைமையாக்கப்பட்டது.

ஆய்வுகள்

குளிர்ந்த நிலையில் நீர்த்த நைட்ரிக் அமிலம் மிகுதியான பாதரசத்துடன் வினைபுரியும்போது மஞ்சள் நிறப் படிகங்கள் உண்டாவதை 1895-ல் கண்டார். அது மெர்க்குரசு நைட்ரைட்டு என நிறுவினார். நைட்ரசு அமிலம் எளிதில் சிதையும் வலுக்குறைந்த அமிலம். அதன் உப்புகளே நைட்ரைட்டுகள். இவற்றைப் பற்றித் தொடர்ந்து பல கட்டுரைகளை வெளியிட்டார்.

இந்து வேதியியல் வரலாறு

இந்நூலின் முதல் தொகுதி 1902-லும் இரண்டாம் தொகுதி 1909-லும் வெளிவந்தன. சுசுருத சம்கிதையில் உள்ள காரத் தயாரிப்பை ராய் சிறப்பாக எடுத்துக்காட்டினார். மரச்சாம்பல் நீரில் கிடைப்பது மென்காரம். அதனுடன் சுட்ட சுண்ணாம்பைச் சேர்த்தால் எரிகாரமாகும். சுண்ணாம்பு கார்பனேட்டை வீழ்படிவாக்கி, ஐதராக்சைடைக் கரைசலில் விடுவதே இதன் காரணம். எரிகாரத்தை வாய் மூடிய இரும்புக் கலத்தில் வைக்கவும், காரம் பட்ட புண்ணுக்குக் காடி போன்ற புளிப்புப் பொருள் இடவும் அந்நூல் கூறுகிறது. இது நடுநிலையாக்கலே ஆகும். தமிழில் வழங்கும் அமிலம், காரம் ஆகிய சொற்களும் அம்லம், க்ஷாரம் என்னும் வடசொற்களின் வழிவந்தவை.

இறுதிக் காலம்

1916-ல் கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்குச் சென்றார். 1921-ல் அறுபது வயது நிறைந்தபின் தம் ஊதியத்தை வேதியியல் ஆய்வுக்கே அளித்தார். 1922-ல் வட வங்காள வெள்ள நிவாரணப் பணியை முன்னின்று நடத்தினார். 1924-ல் இந்திய வேதியியல் கழகத்தைத் தோற்றுவித்து அதன் முதல் தலைவரானார். மேகநாத சாகா, சத்யேந்திர நாத் போஸ், வலிமிகு மின்பகுளிகளை ஆராய்ந்த ஞான் சந்திர கோஷ் ஆகியோர் இவரிடம் பயின்றவர்கள். திருமணம் செய்துகொள்ளாத ராய், கல்லூரி வளாகத்திலேயே ஓர் அறையில் வாழ்ந்து அங்கேயே காலமானார்.